தலைவியின் கையெழுத்து

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெக்கறேன். மை வாசம் அடிக்கும், ஃபிளெக்ஸ் கடைன்னா அப்படித்தானுங்க, ரெண்டு நிமிசத்துல பழகிரும்.

நவமணியைத் தேடித்தான் வந்திருக்கீங்க, தெரியுதுங்க. பள்ளிக்கூட விசயமா மனுக் குடுத்தது அவதான். கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா. அங்கிருந்து கல்வி ஆபீசுக்குப் போயி, இப்ப விசாரணைக்கு உங்களை அனுப்பியிருக்காங்க. அவ தறிக்குப் போயிருக்காங்க மேடம். தார் சுத்துற வேலை. நூலைக் குச்சியில சுத்திக் குடுக்கோணும், தறி ஓடுற வரைக்கும் எந்திரிக்க முடியாது. பொழுதோட ஆறு மணிக்குத்தான் வருவா. அது வரைக்கும் உங்களை எதுக்குக் காக்க வெக்கோணும்? நான் அவ ஊட்டுக்காரன், பேரு சென்னியப்பன். என்கிட்டயே கேளுங்க. சொல்லப் போனா அவளை விட எனக்குத்தான் விவரம் தெரியும். பள்ளிக்கூட மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி அவதான், இல்லைங்கல. ஆனா ஓடியாடிப் பண்ணுனது பூராவும் நானுங்க.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. சரிங்க.

முதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

இந்தச் செம்மாங்காட்டுப் பள்ளிக்கூடம் எட்டாவது வரைக்கும் இருந்துச்சுங்க. எட்டு வகுப்புக்கும் சேத்து பிள்ளைங்க அறுபத்தி ஒண்ணு. மிச்சமெல்லாம் மஞ்ச வேன்ல ஏறி தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு. டீச்சருங்க மூணு பேரு, எச்.எம். ரெஜினா டீச்சரையும் சேத்து. நாலாவதா வாசுகி டீச்சர்னு ஒருத்தங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு அவங்கதான் எழுத்துச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க. அவங்களை மாற்றுப் பணின்னு சொல்லி வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாங்க. பேரு இங்க இருக்கும், ஆளு அங்க இருப்பாங்க. ரெண்டு வருசமா அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா.

அப்பத்தான் பெத்தவங்க குழுவைப் புதுசா அமைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சுங்க. பள்ளிக்கூடத்தைச் சீர் பண்றதுன்னா பெத்தவங்க பேச்சும் அதுல இருக்கோணும், தலைவர் ஒரு பிள்ளையோட அம்மாவா இருக்கோணும்னு ரூலு. எங்க பிள்ளை ஹர்சினி அப்ப நாலாவது. நான் நெனச்சேன், நம்ம கடை மெயின் ரோட்ல இருக்குது, நாலு பேருக்கு நம்மளைத் தெரியும், நாமளே நின்னா என்னன்னு. நாமன்னா, நவமணி. அவகிட்ட அன்னைக்குக் காலையிலதான் சொன்னேன். "பச்சைச் சேலையைக் கட்டிக்க அம்மிணி, பதினோரு மணிக்கு ஸ்கூலுக்கு வா"ன்னேன். எதுக்குன்னு கேட்டா. வா சொல்றேன்னேன். அங்க போனதும் நான் பேர் சொன்னேன், நாலஞ்சு பொம்பளைங்க கையைத் தூக்குனாங்க, முடிஞ்சது.

மறுநாளே ஃபிளெக்ஸ் வெச்சேன். பத்துக்கு எட்டு. வாழ்த்தி வரவேற்கிறோம்னு. அவ போட்டோ நல்லதா ஒண்ணும் இல்லீங்க, ரேசன் கார்டுல இருந்ததை எடுத்துப் போட்டேன், பெருசு பண்ணினா கலங்கும், அதனால கொஞ்சம் சின்னதா வந்துச்சு. என் போட்டோ ஸ்டுடியோவுல எடுத்தது. அது எவ்வளவு பெருசு பண்ணினாலும் தாங்கும். அதை வெச்சுத்தான் ஊர்ல சிரிச்சாங்க. சிரிக்கட்டும். தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும்.

மொதக் கூட்டத்துக்குப் பயிற்சி குடுக்கறவரு ஒருத்தர் வந்திருந்தாருங்க. நல்ல மனுசன். "இது உங்க பள்ளிக்கூடம். என்ன குறைன்னு நீங்கதான் சொல்லோணும், நாங்க சொல்லக் கூடாது"ன்னாரு. நான் பின்னாடி சன்னல் பக்கம் நின்னுட்டு இருந்தேன், உறுப்பினர் இல்லைன்னாலும் வரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே. நவமணி எந்திரிச்சா. அவ எந்திரிப்பான்னு நானே நெனைக்கல.

"ஆறாவது ஏழாவது படிக்கற பிள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியறதில்லீங்க சார்"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. ரெஜினா டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மொதக் கூட்டத்துலயே டீச்சருங்களைக் குத்தம் சொன்னா எப்படிங்க? நான் இருந்த எடத்துல இருந்தே கையைக் காட்டி உக்காரச் சொன்னேன். உக்காந்துட்டா. அப்புறம் நான்தான் பேசுனேன். காம்பவுண்டு சுவரு இல்ல, ஆடு உள்ள வருது. வாசல்ல ஆர்ச்சு இல்ல, பள்ளிக்கூடம்னே தெரியறதில்ல. ஸ்மார்ட் போர்டு வேணும். மூணையும் வரிசையாச் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு.

ஊட்டுக்கு வந்ததும் சொன்னேன், "அம்மிணி, கேக்கறதுன்னா கண்ணுக்குத் தெரியற மாதிரி கேக்கோணும். வந்தா நாலு பேரு பாக்கோணும். படிக்கத் தெரியலைன்னா அதை எப்படி ஃபோட்டோ புடிக்கறது"ன்னு. அவ சோத்தைப் போட்டா.

அவ எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. அதுக்கு மேல அவங்க ஊட்ல விடல. ஆனா எது கையில கெடச்சாலும் படிப்பா. வடை சுத்திக் குடுத்த பேப்பரையும் விடமாட்டா. எனக்கு அதெல்லாம் பொறுமை இல்லீங்க. அடிக்கற பேனர்ல பேரு தப்பில்லாம வந்தாப் போதும், நமக்கு.

அதுக்கப்புறம் அவ ஒரு காரியம் பண்ணினா. தறி விட்டு வந்து, மூஞ்சி கழுவிட்டு, ரெண்டாம் வகுப்புத் தமிழ்ப் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு ஊடு ஊடாப் போனா. அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கற பிள்ளைங்க அத்தனை பேரையும் உக்கார வெச்சு ஒரு பக்கம் படிக்கச் சொன்னா. படிச்சா ஒரு குறி, படிக்கலைன்னா ஒரு குறி. கோடு போட்ட நோட்டுல எழுதி வெச்சா. ஒன்னரை மாசம் ஆச்சுங்க. ரெண்டு மூணு ஊட்ல "உம் பிள்ளையைப் பாத்துக்க"ன்னே சொல்லியிருக்காங்க. என்கிட்ட வந்து கேட்டவங்களும் இருக்காங்க, "என்ன சென்னியப்பா, உன் ஊட்டுக்காரி கணக்கெடுப்பு வேலைக்குச் சேந்துட்டாளா"ன்னு. எனக்கு அசிங்கமாப் போச்சு.

நோட்டை எடுத்துப் பாத்தேன் ஒரு நாள். அறுபத்தி ஒரு பேருல முப்பத்தி எட்டுப் பேருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியல. ரெண்டாம் வகுப்புப் பக்கத்தை. அந்த முப்பத்தி எட்டுல மொதப் பேரு ஹர்சினி.

"எம் பிள்ளை பேரை எதுக்கு எழுதின?"ன்னேன்.

"அவளுக்குத் தெரியலைங்களே"ன்னா.

"அவ பேரை அடிச்சிரு. நாளைக்கு இதை யாராச்சும் பாத்தா தலைவி பிள்ளையே படிக்கலைம்பாங்க."

"அடிச்சுட்டா அவளுக்குப் படிக்க வந்துருமா?"

சத்தம் போட்டுச் சொல்லலீங்க. அவ எப்பவும் சத்தம் போட மாட்டா. துணி மடிச்சுட்டே சொன்னா.

அந்த நோட்டைக் கொண்டு போயி ரெஜினா டீச்சர்கிட்டக் குடுத்தா. நான் அன்னைக்குக் கூட இருந்தேன், சொல்றேன் கேளுங்க, டீச்சர் கோவிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஒவ்வொரு பேரா விரல் வெச்சுப் பாத்தாங்க. "எனக்குத் தெரியும் நவமணி. மூணு பேரு எட்டு வகுப்பைப் பாக்கறோம். நான் மீட்டிங்குன்னு போயிட்டா ரெண்டு பேரு. வாசுகியைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் மூணு தடவை எழுதிட்டேன். நான் கேட்டா நடக்காது. பெத்தவங்க கேட்டா நடக்கும். தீர்மானமாப் போடுங்க, கீழ தலைவி கையெழுத்து இருக்கட்டும், அதை அவங்க ஒதுக்க முடியாது"ன்னாங்க. நவமணி சரிங்கன்னு சொன்னா. அன்னைக்கு அவ நடந்து வந்த வேகத்துக்கு நான் வண்டியை உருட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு.

அந்த மாசம் கூட்டத்துல தீர்மானம் போட்டாங்க. பேசுனாங்க, எல்லாரும் சரின்னாங்க. அதை நோட்டுல எழுதறது யாரு? என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் மேடம், கடையில வந்து போர்டுக்கு மாதிரி எழுதி வாங்கிட்டுப் போவாங்க. அதனால நான்தான் எழுதுனேன். மொதல்ல காம்பவுண்டு சுவரு. ரெண்டாவது ஆர்ச்சு. மூணாவது ஸ்மார்ட் போர்டு. கழிப்பறைக்குத் தண்ணித் தொட்டி. வாசுகி டீச்சர் விசயம் கடைசியா வெச்சிருந்தேன். அதுக்குள்ள பக்கம் முடிஞ்சு போச்சுங்க. அடுத்த பக்கத்துக்குப் போனா கையெழுத்துத் தனியா, தீர்மானம் தனியாப் போயிரும், பாக்க நல்லா இருக்காது. அடுத்த மாசம் சேத்துக்கலாம்னு விட்டுட்டேன். அடுத்த மாசம் ஆர்ச்சு வேலை வந்துருச்சு. அப்படியே போச்சு.

ஆனா ஆர்ச்சு வந்துச்சுங்க. வர்ற வழியில பாத்திருப்பீங்க, நீல பெயிண்டு. அதுக்கு ஒருத்தன் நடையா நடந்தான்னா அது நான்தான். பஞ்சாயத்து ஆபீசு, ஒன்றிய ஆபீசு, கல்வி ஆபீசு. கடையைச் சாத்திட்டுப் போயிருக்கேன். அதையெல்லாம் மனுவுல எழுதியிருக்காளான்னு தெரியல. எழுதியிருக்க மாட்டா.

கையெழுத்து யாரு போட்டதுன்னு கேக்கறீங்க, பேனாவையும் எடுத்துட்டீங்க. அதுக்குத்தான் வர்றேனுங்க.

மொத ரெண்டு மாசம் அவளேதான் போட்டா, நான் எழுதுன அந்தத் தீர்மானத்துல இருந்து நான். அப்புறம் மாசா மாசம் வெள்ளிக்கிழமைன்னா தறியில லீவு கேக்கோணும், அரை நாள் சம்பளம் போகும், முதலாளி மூஞ்சியைச் சுளிப்பான். எதுக்கு அத்தனை பாடு. அவ கையெழுத்து என்ன பெரிய கையெழுத்துங்க, ந-வ-ம-ணின்னு நாலு எழுத்து, ணிக்கு மேல வர்ற வளைவை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுவா. எனக்குப் பாத்த உடனே வந்துருச்சு. ரெஜினா டீச்சர் ஒரு தடவை கேட்டாங்க, "நவமணி வரலையா"ன்னு. "ஊட்ல போட்டுக் குடுத்தா டீச்சர்"ன்னேன். எல்லா ஊர்லயும் நடக்கறதுதானுங்க. பஞ்சாயத்துத் தலைவி ஊட்டுக்காரரு போடலையா? அவரை யாராச்சும் விசாரிச்சாங்களா?

போன வருசம் தை மாசம். முகூர்த்த நேரம், கடையில நிக்க எடமில்ல. ஒரு கல்யாணச் சீர் பேனரு மெசின்ல ஓடிட்டு இருக்குது, மாப்பிள்ளையோட மாமனாரு இங்கயே நின்னுட்டு எழுத்துச் சின்னதா இருக்குது பெருசு பண்ணுங்கிறாரு. அப்ப கல்வி ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. பேரு வேண்டாங்க. தாள் ஒரு அஞ்சாறு. "தலைவி கையெழுத்து வேணும், இன்னைக்கே அனுப்பியாகோணும்"ன்னாரு. மேல ஸ்மார்ட் போர்டுக்கு ஒண்ணு, தண்ணித் தொட்டிக்கு ஒண்ணு. அதுக்கடியில இன்னொண்ணு. "நடுநிலை வகுப்புகள் சீரமைப்பு, ஒப்புதல்"னு இருந்துச்சு. சீரமைப்புன்னா என்னங்க மேடம்? ரிப்பேரு. நான் ரிப்பேர்னுதான் நெனச்சேன். ஆறாவது ஏழாவது நடக்கற ரூம்ல ஓடு ஒடஞ்சு கெடந்தது, அதை மாத்தப் போறாங்கன்னு. இந்த மேசை மேல வெச்சுத்தான் போட்டேன். வரிசையா எல்லாத்துலயும். அவரு தாளை வாங்கிட்டுப் போனாரு, நான் மாமனாருக்கு எழுத்தைப் பெருசு பண்ணிக் குடுத்தேன்.

சித்திரையில சொல்றாங்க, ஆறு ஏழு எட்டு இனி இங்க இல்லைன்னு. பைபாசுக்கு அக்கட்டால இருக்கற ஹைஸ்கூலோட ஒட்டுக்காச் சேத்தாச்சாம். நாலரைக் கிலோமீட்டரு. பிள்ளைங்க கம்மி, டீச்சர் கம்மி, அதனால சீரமைப்பு. பெத்தவங்க ஒப்புதலோட.

நவமணி விசயம் கேள்விப்பட்டதும் வேலையில இருந்து அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா, தலையெல்லாம் பஞ்சோட. நான் பின்னாடியே போனேன். ரெஜினா டீச்சர் பீரோவுல எதையோ அடுக்கிட்டு இருந்தாங்க, திரும்பியே பாக்கல.

"எப்படி டீச்சர் விட்டீங்க?"ன்னு கேட்டா.

"நீதானம்மா ஒத்துக்கிட்ட"ன்னாங்க டீச்சர். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நோட்டைக் கொண்டாந்து குடுத்த பொண்ணு இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கல."

நகலை எடுத்து நீட்டுனாங்க. நவமணி வாங்கிப் படிச்சா. நின்னுட்டே படிச்சா. அடி வரைக்கும் வந்து கையெழுத்தைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா மேடம். நான் வாசல்ல நிக்கறேன். கத்துவான்னு நெனச்சேன். இது நான் போட்டது இல்லைன்னு அங்கயே சொல்லியிருக்கலாம், சொல்லல. டீச்சர் முன்னாடி என்னைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு நெனச்சாளோ என்னமோ. "இதை நான் ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுங்களா"ன்னு மட்டும் கேட்டா.

ஊட்டுக்கு வந்ததும் நானா சொன்னேன், ரிப்பேர்னு நெனச்சேன்னு. "ம்"ன்னா.

நான் சும்மா விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. ஹர்சினி ஆறாவது போகோணும். பைபாஸ் தாண்டி அந்தப் பிள்ளையை எப்படி அனுப்பறது? லாரி போற ரோடு. தனியார் பள்ளிக்கூடத்துக்கு நான் வருசா வருசம் பேனர் அடிச்சுக் குடுக்கறேன், அந்தப் பழக்கத்துல போயிக் கேட்டேன். சேத்துக்கறோம், ஆனா ஒரு பரீட்சை வெப்போம்னாங்க. வெச்சாங்க. நாலாவதுல போட்டாங்க. பதினொரு வயசுப் பிள்ளை நாலாவதுல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்குது. டைப்படிச்ச தாளைக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்களாம், பிள்ளை தாளையே பாத்துட்டு இருந்துச்சாம். வேன்ல பக்கத்துல உக்கார்றதெல்லாம் அவ இடுப்பு உசரம்.

பரவால்லீங்க, யூனிஃபார்ம் நல்லா இருக்குது.

அதுல இன்னொண்ணு நடந்து போச்சு. பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலைன்னா அம்மா குழுவுல இருக்க முடியாதாம், தலைவி பதவியும் போயிரும். எனக்கு அது தெரியாது. நான் டி.சி. வாங்கின அன்னைக்கே அவ பேரை அடிச்சுட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு அவ போயிருக்கா, இந்தத் தாளைப் பத்திக் கேக்கறதுக்கு. "நீங்க இப்ப உறுப்பினர் இல்லீங்களே"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வாசல் ஆர்ச்சு வரைக்கும் வந்து கொஞ்ச நேரம் நின்னாளாம். பாத்தவங்க சொன்னாங்க.

அந்த மூணு வகுப்புல இருந்தது மொத்தம் இருபத்தி ரெண்டு பேருங்க. பதிமூணு பேரு ஹைஸ்கூலுக்குப் போறாங்க. சிலது வேன்ல ஏறிருச்சு. மிச்சம் அஞ்சு, அஞ்சும் பொட்டப் பிள்ளைங்க, நின்னு போச்சு. காலையில பஸ்ஸு எட்டே காலுக்கு ஒண்ணு, அதை விட்டா பத்தரைக்கு. எங்க பக்கத்து ஊட்டுப் பிள்ளை தேவிகா, எட்டாவது போகோணும், நல்லாப் படிக்கற பிள்ளை, நவமணி நோட்டுல படிக்கத் தெரிஞ்ச கூட்டத்துல இருந்த பேரு. ரெண்டு வாரம் நடந்து போச்சு. அப்புறம் அவங்க அம்மா வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. சும்மா ஊட்ல கெடக்குதேன்னு நான்தான் தறியில பேசி விட்டேன். நல்ல எடம், தெரிஞ்ச எடம், நவமணிக்குப் பக்கத்து மெசின்லயே தார் சுத்துது. கூடவே போயிக் கூடவே வந்துரலாம். ஒரு உதவிதானுங்க. வயசு பதினாலு முடிஞ்சுது. முடியப் போகுது. அதை எழுதிக்காதீங்க மேடம்.

நான் இதை நவமணிகிட்டச் சந்தோசமாத்தான் சொன்னேன், தேவிகாவுக்கு வேலை ஆயிருச்சுன்னு. அவ அப்ப அரிசி களைஞ்சுட்டு இருந்தா. களைஞ்ச தண்ணியக் கீழ ஊத்திட்டு, மறுபடியும் தண்ணி புடிச்சுக் களைஞ்சா. மறுபடியும். அஞ்சாறு தடவை களைஞ்சிருப்பா. நான் போயிப் படுத்துட்டேன்.

அக்டோபர் ரெண்டு கிராம சபை. கிராம சபையில ஓட்டு இருக்கற யாரு வேணாலும் பேசலாமுங்க, குழுவு கிழுவு ஒண்ணும் வேண்டியதில்ல. அவ அதைத் தெரிஞ்சு வெச்சிருந்திருக்கா. பந்தல் போட்டு, நான் அடிச்ச பேனரு கட்டி, எல்லாம் உக்காந்திருக்கோம். குடிதண்ணி, தெரு விளக்குன்னு பேசிட்டு இருந்தாங்க. நவமணி எந்திரிச்சா. மைக் வேலை செய்யல. அவ மைக்கைக் கேக்கவும் இல்ல.

கையில அந்த ஜெராக்ஸ். மொத வரியில இருந்து படிச்சா. பள்ளிக்கூடத்துப் பேரு, தேதி, தீர்மான எண்ணு, பெற்றோர் அனைவரும் முழு மனதுடன் ஒப்புதல் அளிக்கிறோம், எல்லாம். ஒரு எழுத்து விடாமப் படிச்சா. நான் அந்தத் தாளை அன்னைக்குத்தான் மொத தடவை முழுசாக் கேட்டேனுங்க. கடைசியில, "இப்படிக்கு, நவமணி, தலைவி"ன்னு படிச்சுட்டு நிறுத்துனா.

"இது என் கையெழுத்து இல்லீங்க. நான் ஒப்புதல் குடுக்கல. என்னைக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். வாசுகி டீச்சரைத் திருப்பிக் கேட்டோம், அது தீர்மானத்துல இல்ல. ஆறு ஏழு எட்டு திருப்பி வரோணும்"ன்னா.

யாரு போட்டதுன்னு சொல்லல. கூட்டத்துல யாரோ கேட்டாங்க, "பின்ன யாரும்மா போட்டது"ன்னு. அவ உக்காந்துட்டா. ஆனா ஒவ்வொருத்தரா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்த நோட்டு எடுத்துட்டுப் போனப்ப அவளைத் திட்டி அனுப்புன ஊட்டுக்காரிங்க ரெண்டு பேரு எந்திரிச்சு, "நாங்களும் குடுக்கல, எழுதிக்கங்க"ன்னாங்க. அப்புறம் இன்னும் ஏழெட்டுப் பேரு. தேவிகா அம்மாவும் எந்திரிச்சா. எல்லாத்தையும் எழுதுனாங்க. அந்தத் தீர்மானத்தையும் வெச்சுத்தான் அவ மனுவே குடுத்தா.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப நானே கேட்டேன். "விசாரணை வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

"உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிட்டேன்"ன்னா. ரசம் ஊத்துனா. அவ்வளவுதான்.

அதுக்கப்புறமும் எல்லாம் எப்பவும் போலத்தானுங்க. காலையில டீ குடுக்கறா, துணி துவைக்கறா, சோறு கட்டறா. சண்டை இல்ல. சண்டை போட்டிருந்தா நானும் எதாச்சும் சொல்லியிருப்பேன். பொழுதோட வந்ததும் ஹர்சினியையும் தேவிகாவையும் இன்னும் ரெண்டு மூணு பிள்ளைங்களையும் உக்கார வெச்சுப் படிக்கச் சொல்றா. ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பி. நான் டிவியோட சத்தத்தைக் கம்மி பண்ணிட்டு உக்காந்திருக்கேன். அப்புறம் அதையும் நிறுத்திட்டேன். கடையில வந்து உக்காந்தாலும் ஒண்ணும் தோணறதில்ல. மெசின் பாட்டுக்கு ஓடுது, தாள் பாட்டுக்கு வருது. கோவமா இருக்கறேனா, வருத்தமா இருக்கறேனான்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியல. மரத்துப் போன கால்ல எறும்பு ஏறுனாத் தெரியுமுங்களா, அது மாதிரி.

ஊர்ல ஒருத்தரு சொன்னாரு, "இது அவ கையெழுத்துத்தான், இப்ப மாத்திப் பேசறா"ன்னு சொல்லிரு சென்னியப்பா, உன்னை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. கையெழுத்து அப்படியே இருக்குது, யாரு கண்டுபுடிப்பான்னாரு. நேத்து வரைக்கும் அப்படித்தான் சொல்லிரலாம்னு இருந்தேன். அப்படிச் சொன்னா அவ பொய்க்காரி ஆயிருவா. எனக்கு ஒண்ணும் ஆகாது. இப்பக் கூட உங்ககிட்ட உக்காந்து இத்தனை நேரம் பேசினது, அதுக்குத்தான் சுத்திச் சுத்தி வந்தேன்னு நெனைக்கறேன். ஆனா சொல்லிட்டு வர்றப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டேன் போலிருக்குது. இனி மாத்தி என்னத்தைச் சொல்றது.

எழுதிக்கங்க. சென்னியப்பன், தகப்பனார் பேரு ஆறுமுகம், வயசு நாப்பத்தி மூணு. தை மாசம் வந்த தாள்ல இருக்கற கையெழுத்தும், அதுக்கு முன்னாடி ஒரு வருசமா இருக்கற கையெழுத்தும் நான் போட்டது. நவமணிக்குத் தெரியாது. கேஸ் ஆகுமுங்களா? சரி, ஆகட்டும். அப்ப அந்த ஒப்புதல் செல்லாதுன்னு ஆகிருமில்லைங்க? ஆறு ஏழு எட்டு திருப்பி வந்துருமா?

அடுத்த ஜூன்லயா. அதுவும் மேல எழுதிக் கேட்டுத்தானா. சரிங்க.

இல்லைங்க, யாரும் என்னை வற்புறுத்தல. பணம் காசு ஒண்ணும் வாங்கல, அது சத்தியம். ஏன் அவகிட்டக் குடுக்காம நீங்களே போட்டீங்கன்னா... என்னத்தை மேடம் சொல்றது. தறி நாலு தெரு தள்ளித்தான் இருக்குது. வண்டியில போனா அஞ்சு நிமிசம். ஆனா அவகிட்டக் குடுத்தா உக்காந்து முழுசாப் படிப்பாளுங்க.